நாழிகை திருடும் மலையும் ஆறாவது செமஸ்டரும்!

ஒரு சின்ன டெஸ்ட், ஃப்ரெண்ட்ஸ். சிக்னல்ஸ் நோட்டோ, தெர்மோ நோட்டோ... கையில கிடைக்கிறதை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்புங்க. பக்கத்து பெஞ்ச்சோடு ஆடின புள்ளிக் கட்டம், யாரோ ஒருத்தரோட இனிஷியல், அதைச் சுத்தி நாலு டிசைன்... இதெல்லாம் எல்லார்கிட்டயும் இருக்கும். அதுக்கும் கீழே, பொடி எழுத்துல ரெண்டு வரி கதை இருக்கா? ‘ஒரு ஊர்ல ஒரு பொண்ணு. அவளுக்கு மட்டும் கல்லு பேசுறது கேட்கும்’ங்கிற மாதிரி? இருந்தா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். இல்லாதவங்களும் படிக்கலாம். தப்பில்லை!

நான் தேனி மாவட்டம் தேவாரத்துப் பொண்ணு. போடிநாயக்கனூர்ல மூணாவது வருஷம் இ.சி.இ. படிக்கிறேன். வாரம் ஒரு மேட்டர் எழுதித் தரணும்னு இந்தப் பத்திரிகையில மாணவ நிருபர் வேலை. சனி, ஞாயிறு போடியில ஒரு ஏலக்காய் கடையில எடை எழுதுற வேலை. இதுக்கு நடுவுல, கடந்த ஒன்றரை வருஷமா ஒரு ஃபேன்டஸி நாவல் எழுதிக்கிட்டு இருக்கேன். மூணு லாங் சைஸ் நோட்டு முடிஞ்சு, நாலாவது ஓடிக்கிட்டு இருக்கு. 30 அத்தியாயத்துல 19 முடிச்சாச்சு.

இதைச் சொன்னதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, “டிராகன் இருக்கா?” இல்லை பாஸ். டிராகன் இல்லை, பனி பெய்யாது, மந்திரக்கோலும் கிடையாது. ஒரு மலை இருக்கு. தந்தம் இல்லாத யானை ஒண்ணு இருக்கு. தினமும் காலையில வேலைக்குப் போற பொம்பளைங்க நிறையப் பேர் இருக்காங்க.

ரெண்டாவது கேள்வி, “இதுக்கெல்லாம் உனக்கு எங்கே நேரம்?”

இந்த ரெண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை முழுக்கப் பதில் சொல்லப் போறேன். ஏன்னா என் நாவலும் அதே கேள்வியில இருந்துதான் பிறந்தது.

மேற்கே ஒரு சுவர்

தேவாரத்தைப் பார்க்காதவங்களுக்கு ஒரு வரியில சொல்றேன். ஊருக்கு மேற்கே ஆகாசத்தை மறைச்சு ஒரு சுவர் நிக்கும். அதுதான் மேற்குத் தொடர்ச்சி மலை. சுவருக்கு அந்தப் பக்கம் கேரளா, இடுக்கி மாவட்டம், ஏலக்காய் தோட்டங்கள். மலை மேற்கே இருக்கிறதால எங்க ஊர்ல பொழுது சாயுறதும் ஒரு தினுசா இருக்கும். வானத்துல வெளிச்சம் இருக்கும்போதே சூரியன் மலைக்குப் பின்னாடி போயிடும். ஊர் மேல நிழல் விழுந்துடும்.

எங்க அம்மா ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போறாங்க. எங்க தெருவுல பாதிப் பேர் அப்படித்தான். காலையில நாலரைக்கு எழுந்து, சோத்தைக் கட்டிக்கிட்டு, அஞ்சரைக்கெல்லாம் ஜீப்புல ஏறிடணும். வேடிக்கை என்னன்னா, அம்மா வேலை பார்க்கிற மலை எங்க வீட்டு மொட்டை மாடியில நின்னா கண்ணுக்கு எதிர்லயே தெரியும். ஆனா நேரா ஏற முடியாது. தேவாரத்துல இருந்து சாக்குலூத்து மெட்டு வழியா ஒரு பழைய நடைபாதை உண்டு. அதை ரோடாக்கச் சொல்லி ஊர் ஜனங்க பல வருஷமா கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஜீப் அதுல போகாது. வடக்கே போடி போய், போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி, அந்தப் பக்கமா சுத்தி வரணும். கைக்கெட்டுற தூரத்துல இருக்கிற இடத்துக்குப் போக, வர ஒரு நாளின் பெரிய துண்டு போயிடுது. அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. செடிகிட்ட குனிஞ்சதுல இருந்துதான் கணக்கு.

ஏலக்காய் எடுக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? காய் செடியோட உச்சியில காய்க்காது. தூரடியில, தரையை ஒட்டி நீட்டிக்கிட்டு இருக்கிற சரத்துலதான் காய்க்கும். உட்கார்ந்து, குனிஞ்சு, விளைஞ்ச காயா பார்த்து ஒவ்வொண்ணா எடுக்கணும். மழைக்காலத்துல அட்டை கால்ல ஏறும். எடுத்த காயை ஸ்டோர்ல போட்டு ராத்திரியெல்லாம் சூடு காட்டிக் காய வைப்பாங்க. எங்க அப்பா அப்படி ஒரு ஸ்டோர்லதான் இருக்கார். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வீட்டுக்கு வருவார். அவர் வந்தா மூணு நாளைக்கு வீடே பாயசம் மாதிரி மணக்கும்!

சாயங்காலம் நிழல் விழுந்ததும் நானும் தம்பியும் அப்பத்தாவும் ஜீப் சத்தத்துக்குக் காத்திருப்போம். மலைப்பாதையில பாதி இடத்துல செல்போன் டவர் கிடைக்காது. ஜீப் கவிழ்ந்த செய்தி எங்க ஊருக்குப் புதுசும் இல்லை. ஆறரைக்கு வர வேண்டிய ஜீப் ஏழுக்கு வந்தா, அந்த அரை மணி நேரத்துல டி.வி. ஓடும், யாரும் பார்க்க மாட்டோம். புத்தகம் திறந்திருக்கும், ஒரு வரி ஏறாது.

அந்த நேரத்துலதான் எழுத ஆரம்பிச்சேன். படிக்க முடியலை, சும்மா இருக்கவும் முடியலை. கையில பேனா இருந்துச்சு. ‘இந்த மலை எங்க அம்மாகிட்ட இருந்து தினமும் எவ்வளவு நேரத்தை எடுத்துக்குது?’னு ஒரு வரி எழுதினேன். அடுத்த வரி தானா வந்துச்சு. ‘எடுத்த நேரத்தை எங்கே வெச்சிருக்கு?’

அதான் கதை. அடிவாரத்துல ஒரு ஊர். மலையைத் தாண்டி வேலைக்குப் போறவங்க ஒவ்வொருத்தர்கிட்ட இருந்தும் மலை தினமும் ஒரு நாழிகையைச் சுங்கமா எடுத்துக்கும். (ஒரு நாளைக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம். அப்பத்தாகிட்ட கேட்டுக்கிட்டேன்!) பேச்சின்னு பதினேழு வயசுப் பொண்ணு, தன்னோட அம்மா இத்தனை வருஷமா இழந்த நாழிகையெல்லாம் மலைக்குள்ள எங்கேயோ இருக்குன்னு தெரிஞ்சு, அதைத் திருப்பி எடுக்க உள்ளே போறா. வாசல்ல காவல் நிக்கிறது தந்தமில்லாத யானை. அது நான் கண்டுபிடிச்சது இல்லை. எங்க அடிவாரத் தோட்டங்களுக்குள்ள மக்னா யானை இறங்கின கதையை ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. தந்தம் இல்லாத ஆண் யானைக்குத்தான் மக்னான்னு பேரு.

நிஜம் இன்னும் பெரிய ஃபேன்டஸி!

மலைக்குள்ள ஏதோ இருக்குங்கிற எண்ணம் எங்க பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புதுசில்லை. எங்களுக்குப் பக்கத்துல பொட்டிப்புரம்னு ஒரு ஊர். அங்கே அம்பரப்பர் மலை. ‘நியூட்ரினோ ஆய்வகம்’னு செய்தியில கேட்டிருப்பீங்களே, அது வர இருந்த இடம் அதுதான். 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. திட்டம் என்னன்னா, மலைக்குள்ள கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் வெட்டணும். தலைக்கு மேலே 1 கிலோமீட்டருக்கும் அதிகமான பாறை இருக்கிற இடத்துல குகை குடையணும். அதுக்குள்ள 50,000 டன் எடையில காந்த இரும்புக் கருவி வைக்கணும். எல்லாம் எதைப் பிடிக்க? உங்க கட்டைவிரல் நகம் அளவு இடத்துல, சூரியன்ல இருந்து மட்டும் ஒரு விநாடிக்குச் சுமார் 6,500 கோடி புகுந்து போகிற, கண்ணுக்கே தெரியாத ஒரு துகளைப் பிடிக்க!

இதுல எங்க ஊர் ஆளுங்களுக்குப் பயம் இருந்தது. மலை என்ன ஆகும், தண்ணி என்ன ஆகும், காடு என்ன ஆகும்னு போராட்டம், வழக்கு எல்லாம் நடந்தது. அந்த மலைத்தொடர் புலிகள் நடமாடுற வழின்னு சொல்லி, 2022-ல தமிழக அரசே உச்ச நீதிமன்றத்துல எதிர்ப்பு தெரிவிச்சது. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ டீக்கடையில எல்லாம் இதே பேச்சுதான். ‘நம்ம உடம்புக்குள்ள பூந்து போகுமாம், நமக்கே தெரியாதாம்’னு ஒரு தாத்தா சொன்னார். அதை விடப் பெரிய ஃபேன்டஸி வரியை நான் இதுவரைக்கும் எழுதலை. அறிவியல் சரியா, ஊர்ப் பயம் சரியாங்கிறதுக்கு நான் இங்கே பஞ்சாயத்து பண்ண வரலை. ஒரு மலையைப் பார்த்து ரெண்டு கூட்டம் ரெண்டு விதமாக் கனவு காணுறதை வளர்ற வயசுல பக்கத்துல இருந்து பார்த்தேன். என் நாவலுக்கு அது போதும்.

நான் சொல்ல வர்றது இதுதான். ஃபேன்டஸின்னா உடனே வேற தேசத்துக் கோட்டையைத் தேடி ஓடாதீங்க. உங்க ஊர் கண்மாயிலயும் ஸ்பின்னிங் மில்லிலயும் உப்பளத்துலயும் ஏதோ ஒண்ணு படுத்துக் கிடக்கு.

அம்மா கேட்ட கேள்வி

‘என்னாத்தடி இம்புட்டு எழுதுற? பரீட்சைக்கா?’ன்னு ஒரு நாள் அம்மா கேட்டாங்க. கதைன்னு சொன்னேன். சொல்லுன்னாங்க. அவங்க பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. நானும் கூட உட்கார்ந்து உரிச்சுக்கிட்டே மலை, நாழிகை, பேச்சி எல்லாம் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

“ஏத்தா... மலை எடுத்துக்கிற அந்த நாழிகைய வெச்சு யாரு பொழைக்கிறா?”

ஙே!

அதுவரைக்கும் என் மலை சும்மா கெட்ட மலை. எடுக்கும், வெச்சுக்கும், அவ்வளவுதான். ஒருத்தர்கிட்ட இருந்து நேரம் போனா அது இன்னொருத்தர்கிட்ட போய்ச் சேரணும்ங்கிறது எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. கூலி வேலை பார்க்கிறவங்களுக்கு அது பாடமே இல்லை, பழக்கம். நான் செமஸ்டர் செமஸ்டரா படிச்சதும் அதேதான். சர்க்யூட்ல கிர்ச்சாஃப் விதி ஞாபகம் இருக்கா? ஒரு சந்திப்புக்குள்ள வர்ற கரன்ட்டும் வெளியே போற கரன்ட்டும் சமமா இருக்கணும். நடுவுல காணாமப் போகாது. என் நாவலோட மந்திர விதி அன்னிக்கு ராத்திரிதான் எழுதப்பட்டுச்சு: ‘எடுத்த நாழிகை எங்கேயாவது ஓடியே ஆகணும்.’ மலைக்கு அந்தப் பக்கம், வயசே ஆகாத மனுஷங்க வாழுற ஒரு ஊர் முளைச்சது. எட்டாவது அத்தியாயத்துல இருந்து கதை வேற லெவலுக்குப் போயிடுச்சு. கிரெடிட்ஸ்: அம்மா, கிர்ச்சாஃப்.

நமக்கு முன்னாடி மாட்டினவங்க

‘இந்தக் கஷ்டம் எனக்கு மட்டும்தானா?’னு புலம்புற ராத்திரிகள்ல நான் நினைச்சுக்கிற ஆளுங்க சிலர் இருக்காங்க.

முதல் ஆள் டோல்கீன். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதினவர். மலை உச்சி மாளிகையில உட்கார்ந்து எழுதினார்னு நினைக்காதீங்க. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர், நாலு பிள்ளைகளுக்கு அப்பா. சம்பளம் பத்தாம கோடை விடுமுறையில பள்ளிக்கூடப் பரீட்சைப் பேப்பர் திருத்தப் போவார். அப்படி ஒரு நாள் திருத்திக்கிட்டு இருக்கும்போது, யாரோ ஒரு புண்ணியவான் ஒரு பக்கத்தை வெத்தா விட்டிருந்தான். அந்த வெத்துப் பக்கத்துலதான் ‘ஹாபிட்’டோட முதல் வரியை எழுதினார். (இனிமே பரீட்சையில வெத்துப் பக்கம் விடுறதைப் பத்திக் கவலைப்படாதீங்க. இலக்கியத்துக்கு உதவுது!) அது 1937-ல புத்தகமா வந்தப்போ அவருக்கு வயசு 45. வெளியிடலாமா வேண்டாமான்னு படிச்சுச் சொன்னது பதிப்பாளரோட பத்து வயசுப் பையன். கூலி, ஒரு ஷில்லிங். அடுத்ததா ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ ஆரம்பிச்சு, நடுவுல உலகப் போர், பேப்பர் பஞ்சம், காலேஜ் வேலைன்னு இழுத்து, 1954-ல முதல் பாகம் வந்தப்போ வயசு 62. பேப்பர் கிடைக்காம பழைய பரீட்சைத் தாள்களோட பின்பக்கத்துல எல்லாம் எழுதியிருக்கார்.

ரெண்டாவது ஆள் நம்ம வாத்தியார் சுஜாதா. இன்ஜினீயரிங் படிக்கிறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். எம்.ஐ.டி.யில படிச்சு, பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ்ல வேலை பார்த்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதுல அவருக்குப் பங்கு உண்டு. பகல்ல சர்க்யூட், மிச்ச நேரத்துல கணேஷ் - வசந்த். ‘என் இனிய இயந்திரா’ல ஜீனோன்னு ஒரு ரோபோ நாய் வருமே, 1980-கள்ல ஆனந்த விகடன்ல தொடரா வந்தப்போ அதை எழுதினவர் முழுநேர எழுத்தாளர் இல்லை, முழுநேர இன்ஜினீயர்!

மூணாவது, ஜெயமோகன். தொலைபேசித் துறையில ஊழியரா இருந்துக்கிட்டே ‘விஷ்ணுபுரம்’ எழுதினார். 1997-ல வந்தது. படுத்திருக்கிற பிரமாண்டமான விஷ்ணு சிலை, அதைச் சுத்தி ஒரு கற்பனை நகரம், பல தலைமுறை, கடைசியில வெள்ளம்... நம்ம மண்ணுல இருந்தே ஒரு முழு உலகத்தைக் கட்ட முடியும்னு எனக்குக் காட்டின புத்தகம் அது.

நாலாவது, எங்களுக்குப் பக்கத்து வத்தலக்குண்டுல பிறந்த ராஜம் ஐயர். ஃபேன்டஸி இல்லை. ஆனா தமிழின் ஆரம்ப கால நாவல்கள்ல ஒண்ணான ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893-ல பத்திரிகையில தொடரா வர ஆரம்பிச்சப்போ அவருக்கு வயசு சுமார் 21. 1898-ல இறந்தே போயிட்டார். ‘செட்டில் ஆனதுக்கு அப்புறம் எழுதிக்கலாம்’னு தோணும்போதெல்லாம் அவரை நினைச்சுக்குவேன்.

சரி, எப்படித்தான் எழுதுறே?

என் டைம்டேபிளைப் பார்த்துட்டு யாரும் அழக் கூடாது. காலையில அம்மா கிளம்பினதும் சாப்பாடு, தம்பியை ஸ்கூலுக்குக் கிளப்புறது, அப்பத்தாவுக்கு மாத்திரை. அப்புறம் போடி பஸ். சாயங்காலம் திரும்பவும் பஸ், வீடு, ஜீப்புக்குக் காத்திருக்கிறது, லேப் ரெக்கார்டு. இதுல மூணு ஓட்டை கண்டுபிடிச்சேன்.

பஸ்: ராசிங்கபுரம், சிலமலைன்னு நின்னு நின்னு போற பஸ் எனக்கு எழுத்து மேஜை. கையால எழுத முடியாது, குலுங்கும். அதனால மொபைல்ல. உட்கார இடம் கிடைச்சா டைப். நின்னுக்கிட்டுப் போனா, அன்னிக்கு எழுத வேண்டிய வசனத்தை மனசுக்குள்ள பேசிப் பார்க்கிறது. (சத்தமாப் பேசிடாதீங்க. ஒரு தடவை கண்டக்டர் அண்ணன், “யாரைம்மா கொல்லப் போறே?”ன்னுட்டார்.)

ஜீப் நேரம்: சாயங்காலம் ஆறுல இருந்து ஜீப் வர்ற வரைக்கும். கிட்டத்தட்ட ஒரு நாழிகை. இப்போ இது நோட்டு நேரம்.

கடை: சனி, ஞாயிறு எடை எழுதும்போது ஒண்ணும் எழுத முடியாது. ஆனா காது திறந்திருக்கும். காயை சல்லடையில சலிச்சு 8 மில்லி, 7 மில்லின்னு பிரிக்கிற அக்காக்கள் பேசுற பேச்சுல இருந்துதான் என் நாவல்ல பாதி வசனம்.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு நாளைக்கு அரைப் பக்கம். ஒரு வருஷத்துக்கு 180 பக்கத்துக்கு மேலே! ‘ஃப்ரீயா ஒரு மாசம் கிடைக்கட்டும், எழுதுறேன்’னு காத்திருக்கிறவங்களுக்கு அந்த மாசம் கிடைக்கிறதே இல்லை. கிடைச்சாலும் தூங்கிடுவோம்.

இன்னொண்ணு, கடை சொல்லிக் கொடுத்த பாடம். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் காய் காய்ஞ்சாத்தான் 1 கிலோ ஏலக்காய். எழுதினதும் அப்படித்தான். என் அஞ்சாவது அத்தியாயம் 22 பக்கம் இருந்துச்சு. காய வெச்சதுல 6 பக்கம் தேறுச்சு. போனது தண்ணி. மிச்சம் இருக்கிறதுல வாசனை இருக்கு.

முதல் வாசகர் ரொம்ப முக்கியம். எனக்கு எட்டாவது படிக்கிற தம்பி. டோல்கீன் பதிப்பாளருக்கு ஒரு ஷில்லிங்னா எனக்கு ஒரு அத்தியாயத்துக்கு ஒரு தேங்காய் பன். ‘இந்த இடம் போர்’னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிடுவான். ஃப்ரெண்ட்ஸ்கிட்ட காட்டினா, ‘சூப்பர்டி’ன்னு சொல்லிட்டு ஸ்டேட்டஸ் பார்க்கப் போயிடுவாங்க.

அந்த ஒரு ராத்திரி

இதெல்லாம் கேட்க ஜாலியா இருக்கும். ஜாலி இல்லாத ஒரு நாளையும் சொல்லிடறேன்.

போன மழைக் காலத்துல ஒரு நாள் ஆறரை ஆச்சு, ஏழாச்சு, எட்டாச்சு... ஜீப் வரலை. போன் போகலை. தெருவுல எல்லார் வீட்டு வாசல்லயும் ஆள் நின்னுச்சு. அப்பத்தா சாமி மாடத்துக்கு முன்னாடி உட்கார்ந்துட்டாங்க. தம்பி, “நோட்டை எடுத்துட்டு வரவாக்கா?”ன்னு கேட்டான். அவனுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்... ஜீப்புக்குக் காத்திருந்தா அக்கா எழுதுவா. நோட்டு வந்துச்சு. ஒரு எழுத்து வரலை. பேச்சி மலைக்குள்ள எங்கே நிக்கிறான்னுகூட ஞாபகம் இல்லை. மலையில மரம் விழுந்து ரோடு அடைஞ்சு, அம்மா வந்து சேர்ந்தப்போ மணி ஒன்பதே கால். வந்ததும் வராததுமா, “சாப்டீங்களா?”ன்னாங்க.

எழுத்து எல்லாத்தையும் தாங்கும், எழுதினா பயம் போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. போகாது. அன்னிக்கு அது எதுக்கும் உதவலை. ஆனா மறுநாள் சாயங்காலம் நான் எழுதின பக்கத்துல, முதல் தடவையா, கதை உள்ளே போன பேச்சியை விட்டுட்டு வாசல்ல காத்திருக்கிற அவ தம்பிகிட்ட வந்துச்சு. ஃபேன்டஸியில எல்லாரும் பயணம் போறவங்களைப் பத்தியே எழுதுறோம். வீட்டுல நிக்கிறவங்களும் அதே மலையைத்தான் ஏறிக்கிட்டு இருக்காங்க. அந்த அத்தியாயத்தைப் படிச்சுட்டு என் தம்பி ‘போர்’னு சொல்லலை. ஒண்ணுமே சொல்லலை. பன்னும் கேட்கலை.

உங்க நாழிகை யாரோடது?

இப்போ அந்த ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். ‘எங்கே நேரம்?’

கிர்ச்சாஃப் விதியை நாவலுக்குள்ள வெச்சுட்டு வீட்டுக்கு வெளியில நிறுத்த முடியுமா? நான் ராத்திரி அரை மணி நேரம் எழுதினா, அந்த அரை மணி எங்கிருந்தோ வருது. பாத்திரம் தானாக் கழுவிக்காது. மலையில நாள் பூரா குனிஞ்சு நிமிர்ந்த அம்மா, ‘நீ எழுதுத்தா’ன்னு சொல்லிட்டு அதைக் கழுவினா, என் அரைப் பக்கம் அவங்க முதுகுல இருந்து வந்ததுதான். அப்போ மலைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

அதனால எங்க வீட்டுல உட்கார்ந்து பேசி ஒரு ஒப்பந்தம் போட்டோம். ராத்திரிப் பாத்திரம் என்னோடது, எழுதுறது அதுக்கு அப்புறம்தான். தண்ணி பிடிக்கிறது தம்பி. செமஸ்டருக்கு முன்னாடி ரெண்டு வாரம் நோட்டு பீரோவுக்குள்ள, சாவி அப்பத்தா இடுப்புல. ஞாயிற்றுக்கிழமை கடை முடிஞ்சு வந்ததும் அம்மாவுக்கு முதுகு பிடிச்சுவிட்டுக்கிட்டே அந்த வாரம் எழுதினதைச் சொல்லணும். (இந்தக் கடைசி ஷரத்து அம்மா போட்டது.) கூலி வாங்காம எங்க அம்மாகிட்ட இருந்து நேரம் எடுக்கிற இடம் ஒண்ணு போதும். வீடு ரெண்டாவதா ஆக வேண்டாம்.

அப்பா இதுல எல்லாம் தலையிட மாட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “இதுக்குச் சம்பளம் உண்டாம்மா?” இல்லைன்னேன். “அப்ப வேலையையும் பார்த்துக்க”ன்னார். வருஷக் கடைசியில பிளேஸ்மென்ட் ஆரம்பிக்குது. கிடைச்சா சென்னையோ பெங்களூரோ போகணும். அம்மா ஜீப் ஏறுறதை நிறுத்தணும்னா அந்த வேலை வேணும். அதுல எனக்குக் குழப்பமே இல்லை. ஆனா போற ஊர்ல மேற்கே இந்தச் சுவர் இருக்காது, ஜீப் சத்தம் இருக்காது. அதனால கிளம்புறதுக்கு முன்னாடி 30 அத்தியாயத்தையும் இங்கே இருந்தே முடிச்சிடணும்னு ஒரு வெறி.

முடிப்பேனா? முடிச்சா யாராவது போடுவாங்களா? அது அடுத்த கவலை. மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்ல நுழைஞ்சிருக்கிற பேச்சி, இப்போ தன்னோட அம்மாவின் நாழிகைகளைக் கண்டுபிடிச்சுட்டா. ஆனா அதை வெச்சு உயிரோட இருக்கிறது ஒரு சின்னக் குழந்தை. எடுக்கிறதா, விடுறதா? அம்மாகிட்ட கேட்டேன். “யோசிச்சுச் சொல்றேன்”னு சொல்லியிருக்காங்க. நாலு நாளாச்சு. இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்காங்க. பஸ்ல நானும்.

சரி, நீங்களும் ஆரம்பிங்க மக்களே. நேரம் கிடைக்கும்னு காத்திருக்காதீங்க. அது கிடைக்கிறது இல்லை, யாரோ கொடுக்கிறது. யார் கொடுக்கிறாங்கன்னு முதல்ல கண்டுபிடிங்க. போய் அவங்ககிட்ட கதையைச் சொல்லுங்க. நடுவுல ஒரு கேள்வி கேட்பாங்க பாருங்க... அதை மட்டும் தவற விட்டுடாதீங்க!